தேயாத பிரேக்

"ஊருக்குள்ள பூனைக்குட்டி மாதிரி நக்கி நக்கிக் குடிக்குது. ஹைவேல ஏத்தினா எருமை மாதிரி உறிஞ்சுது. இதைக் கேக்க ஆளே இல்லையா?"

ஆள் இல்லை என்பது பொய். தன் டாக்ஸி குடிக்கும் பெட்ரோலைப் பற்றிய மாமாவின் இந்தப் புலம்பலைக் கேட்காத ஆள்தான் அந்தத் தெருவில் இல்லை. டாக்ஸியில் ஏறிய பயணி சீட் பெல்ட்டைத் தேடும்போதே ஒரு முறை கேட்பார். இறங்கும்போது மீதிச் சில்லறையோடு இன்னொரு முறை வாங்கிக்கொள்வார். முடிவெட்டுகிறவர், பால் பாக்கெட் போடுகிறவர், மாடிப்படியில் எதிரே வந்துவிட்ட பாவத்துக்காக எதிர்வீட்டு டீச்சர் என்று எல்லோருக்கும் மனப்பாடம். அவருடைய சொந்தப் பெயர் எப்போதோ காணாமல் போய்விட்டது. மைலேஜ் மாமா என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள்.

வீட்டில் சின்ன மகள் இதை அச்சு அசலாகச் செய்து காட்டுவாள். 'எருமை' என்னும் இடத்தில் அப்பாவுக்கு மேலுதடு சுருண்டு மூக்கு விடைக்கும். அவளுக்கும் சுருளும், விடைக்கும். யார் குரலானாலும் ஒரு தடவை காதில் விழுந்தால் போதும், மறுநாள் அவள் தொண்டையிலிருந்து வரும். டீச்சரின் இருமல், குக்கரின் மூன்றாவது விசில், அப்பாவின் கார் கதவு சாத்தும் சத்தம், எதுவும் தப்பாது. அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் திணித்துக்கொள்வாள். மாமா மட்டும் சிரிக்க மாட்டார். "நடிச்சது போதும். லிட்டருக்குப் பதினெட்டுதான் குடுத்துச்சுன்னு சொன்னியா? அதை விட்டுட்டியே" என்று திருத்துவார்.

அந்தப் புலம்பலுக்குப் பின்னால் ஒரு பழைய ரணம் இருந்தது. வேலைக்காலம் முழுக்க அவர் டவுன் பஸ் ஓட்டியவர். அதுவும் மார்க்கெட் வழி. ஸ்டாப்புக்கு ஸ்டாப் நின்று, சிக்னலுக்கு சிக்னல் நின்று, நடுவில் கீரைக் கூடைக்காகவும் நின்று போகிற பஸ். மாதம் பிறந்தால் டிப்போ சூப்பிரண்டு எல்லா டிரைவர்களையும் வரிசையில் நிறுத்தி யார் அதிகமாக டீசல் எரித்தது என்று உரக்கப் படிப்பார். முதல் பெயர் எப்போதும் இவருடையதுதான்.

"நிக்கிற வண்டி எப்படி சார் மைலேஜ் குடுக்கும்?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டார்.

"நீ ஓட்டுறது பஸ்ஸாய்யா, இல்ல அடுப்பா?" என்றார் சூப்பிரண்டு.

டிப்போவே சிரித்தது. அந்தச் சிரிப்பை மாமா வீட்டுக்குக் கொண்டுவந்து, ஓய்வு பெறும் வரை பத்திரமாக வைத்திருந்தார். ஓய்வு பெற்றதும் கையில் வந்த பணத்தில் டாக்ஸி ஓட்டவென்று, யாரோ ஓட்டி அலுத்த, பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும் ஒரு ஹைபிரிட் காரை வாங்கினார். முதல் நாளே அதைப் பழைய மார்க்கெட் வழியில் ஓட்டிப் பார்த்தார். நின்றால் எஞ்சின் தானாக அணைந்தது. நகர்ந்தால் பேட்டரியில் சத்தமில்லாமல் ஊர்ந்தது. பிரேக்கைத் தொட்டால் சக்கரத்திலிருந்து பேட்டரிக்கு ஒரு பச்சை அம்பு ஓடுவதை முன்னாலிருந்த திரை காட்டியது. நிற்க நிற்க மைலேஜ் ஏறியது! வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமலே உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது.

அம்மா பதறி ஓடிவந்தாள். "ஏங்க, நெஞ்சு கிஞ்சு வலிக்குதா?"

"இல்லடி. இருபத்தாறு குடுத்திருக்கு."

அன்றிலிருந்து சிவப்பு விளக்கைக் கண்டு சிரிக்கிற ஒரே மனிதர் அவர்தான். போக்குவரத்து நெரிசலில் ஊரே வியர்த்து வழியும்போது இவர் முகத்தில் கல்யாணக் களை இருக்கும். தூரத்தில் சிக்னல் கண்ணில் பட்டதுமே காலை எடுத்துவிடுவார். தூங்குகிற குழந்தையின் கன்னத்தைத் தொடுவது போல பிரேக்கைத் தொடுவார். அப்படித் தொட்டால் சக்கரத்தின் டிஸ்க்கை, அந்த இரும்பு வட்டை, பிரேக் பேடு கவ்வாது. மோட்டாரே சக்கரத்தை இழுத்துப் பிடித்து, வேகத்தை மின்சாரமாக்கிக்கொள்ளும். அவருக்குப் பின்னால் ஹாரன் கச்சேரி நடக்கும். "அடிங்கடா அடிங்க. உங்க பெட்ரோல், உங்க பாடு" என்பார்.

ஹைவேயில் இந்த வித்தை எதுவும் செல்லாது. அங்கே நிற்பதும் இல்லை, பிரேக்கைத் தொடுவதும் இல்லை. பேட்டரிக்குப் போட ஒன்றும் கிடைக்காது. காற்றை முட்டித் தள்ளிக்கொண்டு எஞ்சின் ஓயாமல் உழைக்கும், குடிக்கும். அதனால் வெளியூர் சவாரி என்றால் மாமா கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார். வண்டியின் பாரம் குறைய ஸ்டெப்னியைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் போட்டிருந்தார். சம்பந்தி அம்மாள் வண்டியில் ஏறிய அன்று, "அண்ணி பின் சீட்டுல நடுவுல உக்காருங்க, அரை கிலோமீட்டர் மிச்சமாகும்" என்று சொல்லிப் பெரிய வம்பாகிவிட்டது.

அவருடைய பெருமைகளிலெல்லாம் பெரிய பெருமை பிரேக் பேடு. வாங்கின நாளிலிருந்து மாற்றவில்லை. "கழட்டிப் பாருங்க, புதுசு மாதிரி இருக்கும்" என்று பெண் பார்க்க வந்தவர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறார்.

அவர்கள் குடியிருந்த இரண்டு அறைகளுக்கு நேர் கீழே ஒரு மெக்கானிக் பட்டறை. பட்டறைக்காரனைத் தெருவே ஸ்பேனர் என்று கூப்பிடும். பட்டறையின் எண்ணெய் வாசம் படியேறி வந்து அம்மா தைக்கும் துணிகளில்கூட ஒட்டிக்கொள்ளும். ஒரு காலையில் மாமா வண்டியைத் துடைத்துக்கொண்டிருக்க, சின்னவள் படிக்கட்டில் உட்கார்ந்து கச்சேரி நடத்தினாள். அவள் வாயில் டீச்சர் இருமினாள், ஸ்பேனரின் மனைவி போனில் சண்டை போட்டாள், பட்டறையே குலுங்கியது.

"இப்ப அப்பா வண்டி" என்றாள். கதவு 'டப்' என்றது. திரை 'டிங்' என்றது. வண்டி 'ஊஊம்' என்று பேட்டரியில் நகர்ந்தது. பிறகு அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "க்ர்ர்ஷ்... க்ர்ர்ஷ்... க்ர்ர்ஷ்..." என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். ஸ்பேனர் மட்டும் கையிலிருந்த டீ டம்ளரைக் கீழே வைத்தான்.

"அந்தக் கடைசிச் சத்தத்தை இன்னொரு தடவை பண்ணு பாப்பா."

"க்ர்ர்ஷ்... க்ர்ர்ஷ்..."

"இது எப்ப கேக்குது?"

"ஒரு நாள் கேக்கலைன்னா சொல்றேன். தினமும் கேக்குது. அப்பா பிரேக்கைத் தொடும்போது கடைசியா, நிக்கப் போற நேரத்துல."

அவன் எழுந்துபோய் முன் சக்கரத்தின் ஓட்டைக்குள் விரலை விட்டு வெளியே எடுத்தான். விரல் செங்காவி நிறமாக இருந்தது.

"மாமா, டிஸ்க் துருப்பிடிச்சிருக்கு. பேடு தேயலைன்னு நீங்க சந்தோஷப்படுறீங்க. அது வேலையே செய்யலைங்க. வாரத்துக்கு ஒரு தடவையாவது வெறிச்சோடிக் கிடக்கிற ரோடுல நல்லா மிதிச்சு நிறுத்துங்க. இல்லைன்னா உள்ள எல்லாம் இறுகிப் போயிடும். பிரேக் ஆயிலையும் மாத்தியே ஆகணும். வருஷக்கணக்கா அதே ஆயில். தண்ணி கோத்திருக்கும்."

"பிரேக்கே போடாத எனக்கு எதுக்குடா பிரேக் ஆயில்?"

மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள். அந்த நேரத்தில் அது நல்ல பதிலாகத்தான் தோன்றியது.

சின்னவளுக்கு மட்டும் அன்று முழுக்க அந்தச் சத்தம் வாயிலேயே நின்றது. காய் நறுக்கும்போது, துணி உதறும்போது, தன்னையறியாமல் 'க்ர்ர்ஷ்' என்றாள். "சனியனே, அதை நிறுத்து. பல்லு கூசுது" என்றாள் அம்மா.

பெரிய மகள் மலை ஊரில் இருந்தாள். அங்கே தபால் ஆபீசில் வேலை. புருஷன் கப்பல்காரன். வருஷத்தில் பாதி நாள் கடலில். அவள் குடித்தனம் போட்டு இத்தனை காலத்தில் அப்பா ஒரு முறைகூட அங்கே போனதில்லை. அம்மாவும் சின்னவளும்தான் பஸ்ஸில் போய் வாந்தியெடுத்துத் திரும்புவார்கள். "வரணும்மா, ஆனா அவ்வளவு தூரமும் ஹைவே, அப்புறம் ஏத்தம் வேற..." என்று அப்பா போனில் இழுப்பார். பெரியவள் சிரித்துச் சமாளிப்பாள். அப்புறம் போன் சின்னவளிடம் வந்ததும் குரலைத் தாழ்த்துவாள். "ஏய், அப்பா குரல்ல ஒரு தடவை 'கிளம்பிட்டேம்மா'ன்னு சொல்லுடி." இவள் சொல்வாள். "இன்னொரு தடவை சொல்லுடி" என்பாள் பெரியவள்.

அவளுக்குப் பேறுகாலம் நெருங்கியது. ஒரு மத்தியானம் அவளே போன் செய்தாள். இரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறதாம். மலை ஊர் டாக்டர், "இங்க வசதி இல்லம்மா. உடனே கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடு. பஸ்ல வேணாம், குலுங்காம போகணும்" என்று சொல்லிவிட்டாராம். சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலே, "இங்க டாக்ஸி ஏதாவது பாத்துக்கறேன்" என்றாள்.

மாமா சின்னவள் கையிலிருந்து போனைப் பிடுங்கினார்.

"டாக்ஸியா? அப்பன் டாக்ஸி ஓட்டுறவன்டி. கிளம்பிட்டேம்மா."

பெரியவள் தயங்கினாள். "சின்னவளே, விளையாடாத. அப்பாகிட்ட குடு."

மாமாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, முகத்தைக் காட்டாமல் கட்டிலுக்கடியில் குனிந்து சாவியைத் தேடினார். சாவி சட்டைப் பையில்தான் இருந்தது.

வண்டியைக் கிளப்பும்போது ஸ்பேனர் ஓடிவந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டான். "மாமா, ஒரு மணி நேரம் குடுங்க. பிரேக்கைக் கழட்டிப் பாத்துடறேன்."

"அங்க பிள்ளைக்குத் தலை சுத்துதாம். நீ நட்டு எண்ணிக்கிட்டு இருப்ப."

"சரி, இறக்கத்துலயாவது கியரை பிரேக்குக்குன்னு இருக்கிற 'பி'ல போட்டு வாங்க. எஞ்சினே பிடிச்சுக்கும்."

"எஞ்சின் பிடிச்சா பேட்டரிக்கு என்னடா வரும்? இறக்கம்ங்கிறது எனக்குக் கிடைக்கிற ஓசிச் சோறு. அதைக் கீழ கொட்டச் சொல்றியே."

ஸ்பேனர் கையை எடுத்தான். வண்டி 'ஊஊம்' என்று நகர்ந்தது. தெருமுனையில் திரும்பும்போது, 'க்ர்ர்ஷ்.'

அம்மாவும் சின்னவளும் கூட வர, ஹைவே முழுக்க எருமைப் புராணம் ஓடியது. ஏற்றத்தில் அவர் திரையைப் பார்க்கவே மறுத்து ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டார். போய்ச் சேரும்போதே இருட்டிவிட்டதால் மலை ஊரில் ராத்தங்கினார்கள். பெரியவளின் கால்கள் வீங்கி, செருப்புக்குள் நுழையாமல் இருந்தன. அப்பா அவள் வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த கப்பல் படம், ஜன்னலில் காய்ந்துகொண்டிருந்த சின்னச் சின்னத் துணிகள், குளிருக்கு வாசலில் போட்டிருந்த சாக்கு, எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார்.

காலை வெளிச்சம் வந்ததும் இறங்கத் தொடங்கினார்கள். பின்னால் அம்மா, அவள் தோளில் சாய்ந்து பெரியவள். முன்னால் அப்பா பக்கத்தில் சின்னவள். அப்பா பக்கம் மலைச்சுவர், சின்னவள் பக்கம் மேகம்.

மாமா திரை மீதிருந்த துணியை உருவினார். "இப்பப் பாரு வேடிக்கையை."

பச்சை அம்புகள் ஓட ஆரம்பித்தன. பேட்டரிப் படத்தில் ஒவ்வொரு கட்டையாக ஏறியது. வளைவுக்கு வளைவு அவர் பிரேக்கைத் தடவித் தடவி இறங்கினார். வண்டி தாலாட்டுவது போல மெல்ல ஆடியது. பெரியவள் கண்ணை மூடியிருந்தாள், உதட்டில் லேசான சிரிப்பு. "அப்பா ஓட்டினா தூக்கம் வருதும்மா" என்றாள்.

"கேட்டியா? பஸ் ஓட்டினவன் கைடி இது. ஒரு சொட்டு பெட்ரோல் செலவில்லை. பாரு பாரு, நிரம்பிடுச்சு! பேட்டரி முழுசா பச்சை. வாழ்க்கையில இப்படிப் பாத்ததே இல்லை."

சின்னவளும் பார்த்தாள். கடைசிக் கட்டையும் பச்சையாகியிருந்தது. அதோடு அம்புகள் நின்றுவிட்டன.

இவ்வளவு தூரமும் சக்கரங்களை இழுத்துப் பிடித்து வந்தது பேட்டரியின் பசி. பசி அடங்கியது, பிடியும் விட்டது. இனி வண்டியை நிறுத்த வேண்டியது, இத்தனை வருஷமாக ஒரு வேலையும் செய்யாமல் புதுசாக இருந்த அந்தப் பேடுகள்தான்.

மாமா வழக்கம் போலத் தொட்டார். வண்டி கேட்கவில்லை. அழுத்தினார். 'க்ர்ர்ஷ்' என்று ஒரு பக்கம் மட்டும் பிடித்தது, ஸ்டியரிங் மலைப் பக்கம் வெட்டியது. மறு பக்கம் துருவோடு இறுகிப்போய்ச் சும்மா இருந்தது.

"என்னங்க, யாரோ குப்பை எரிக்கிறாங்க போல" என்றாள் அம்மா. ஜன்னல் மூடியிருந்தது.

அடுத்த வளைவில் அந்த ஒற்றைச் சக்கரமே வண்டி முழுவதையும் தாங்கியது. இரும்பு காயும் வாடை உள்ளே அடர்ந்தது. அடுத்த வளைவுக்குப் பிறகு சத்தமும் நின்றது. அந்தச் சத்தம் இல்லாததுதான் சின்னவளைத் திடுக்கிட வைத்தது. திரும்பி அப்பாவின் காலைப் பார்த்தாள். பிரேக் பெடல் தரையோடு தரையாகக் கிடந்தது, தண்ணீர் கோத்த பழைய ஆயில் சூட்டில் கொதித்துப் பிடிமானம் இழந்துவிட்டது. அப்பா விட்டு விட்டு மிதித்தார். சேற்றில் கால் வைத்தது போலப் பெடல் போனது, வந்தது.

"அப்பா, பி!"

அவர் ஏற்கெனவே 'பி'க்குத் தள்ளியிருந்தார். எஞ்சின் அலறியது. வேகம் கொஞ்சம் குறைந்தது, போதுமான அளவுக்குக் குறையவில்லை. கீழே ரோடு மடங்கித் திரும்பும் இடம் தெரிந்தது. அதற்கப்பால் ரோடு தெரியவில்லை, வெள்ளையாக இருந்தது. கை பிரேக்கை இழுத்தார், அதுவும் எப்போதும் இழுக்காத கை பிரேக்தான்.

"அம்மாடி, அக்காவை உன் பக்கமா இழுத்து அணைச்சுக்கோ. உன் அம்மாவையும்" என்றார். குரல் பஸ்ஸில் 'உள்ள போங்க, உள்ள போங்க' என்று சொல்வது போல இருந்தது. சின்னவள் சீட்டின் மேலாகப் பின்னால் பாய்ந்து அக்காவைப் பிடித்தாள்.

மாமா ஸ்டியரிங்கைத் தன் பக்கத்து மலைச்சுவரை நோக்கித் திருப்பினார்.

கண்ணாடி முதலில் போனது. பிறகு கதவு பாறையோடு சேர்ந்துகொண்டு நீளமாகக் கத்தியது. அந்தச் சத்தத்தைச் சின்னவளால் இன்றுவரை செய்து காட்ட முடியாது, முயன்றதும் இல்லை. அவர் ஸ்டியரிங்கை விடவில்லை. விலகப் பார்த்த வண்டியைத் திரும்பத் திரும்பப் பாறையில் ஒட்டினார். வளைவுக்கு முன்னால் மதகுக் கல் ஒன்று நின்றிருந்தது. வண்டி தன் டிரைவர் மூலையை அதில் கொடுத்து நின்றது.

"எல்லாரும் இருக்கீங்களா?" என்றார் மாமா.

இருந்தார்கள். பெரியவளுக்குப் பிரசவ வலி மட்டும் பிடித்துக்கொண்டது. பின்னால் வந்த காய்கறி வேன்காரர் மூட்டைகளை ரோட்டோரம் தள்ளிவிட்டு எல்லோரையும் ஏற்றினார். மாமாவைக் கதவோடு பெயர்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. வேன் இறங்கும்போது அவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு டிரைவரிடம், "தம்பி, உங்க வண்டி என்ன குடுக்குது?" என்று கேட்டார். வேன்காரர் ரோட்டையே பார்த்து, ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை ஓங்கி மிதித்துக்கொண்டு போனார்.

பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு மேல் மாடி. மாமாவைப் போட்டிருந்தது கீழே. விலா எலும்புகள் நொறுங்கி நுரையீரலில் இறங்கியிருப்பதாகச் சொன்னார்கள். சின்னவள் படியேறுவதும் இறங்குவதுமாக இருந்தாள். சாயங்காலம் மேலிருந்து ஓடிவந்து, "அப்பா, பொண்ணு. அக்கா நல்லா இருக்கா" என்றாள். அவர் கண்ணைத் திறந்து, "எடை என்ன?" என்றார். யார் வண்டியில் ஏறினாலும் கேட்கிற அதே கேள்வி. அம்மா சிரித்தாள், சிரிப்பு பாதியில் உடைந்தது.

ஸ்பேனர் மலைக்குப் போய், நொறுங்கிய வண்டியைப் பார்த்துவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தான். கையெல்லாம் கரி. கட்டிலருகே வந்ததும் அவனுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

"பேடைக் கழட்டிப் பாத்தேன் மாமா. ஒரு சக்கரத்துல மட்டும் கருகிப் போச்சு. மத்தது எல்லாம் புதுசு மாதிரி இருக்கு. நீங்க சொல்வீங்களே, அப்படியே புதுசு மாதிரி இருக்கு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நான் சொன்னதைக் கேட்டிருக்கக் கூடாதா?"

விடிவதற்குள் மாமா போய்விட்டார். ஸ்பேனருக்குச் சொன்ன பதிலுக்குப் பிறகு அவர் எதுவும் பேசவில்லை. சின்னவள் இப்போதும் தெருவில் எல்லோர் குரலிலும் பேசுகிறாள். பூனைக்குட்டியையும் எருமையையும்கூட, யாராவது கேட்டால், உதட்டைச் சுருட்டிச் செய்து காட்டுகிறாள். அந்தக் கடைசிப் பதிலை மட்டும் தன் சொந்தக் குரலில்தான் சொல்கிறாள்:

"டேய் ஸ்பேனரு, கத்தாத, ஆஸ்பத்திரி இது. இறக்கம் முழுக்க ஒரு சொட்டு குடிக்கலைடா, அதை முதல்ல போய் டிப்போவுல சொல்லு. அப்புறம் பெரியவளையும் பிள்ளையையும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறப்ப நீயே ஓட்டு. சிக்னல் வந்தா நல்லா மிதிச்சு நிறுத்து. மைலேஜ் போனா போகட்டும்."